நோகிற கை

தாண்டவமூர்த்தி என்று பெயர் வைத்த புண்ணியவானுக்குத் தெரியாது, ஐம்பத்திரண்டு வயதில் இவரால் மணிக்கட்டைக்கூடத் திருப்ப முடியாமல் போகும் என்று.

ஞானம் தேடி உலகம்மையின் மடத்துக்கு வந்தவர். உலகம்மை அவரைவிடப் பதினைந்து வயது இளையவள். ஆனாலும் குரு குருதான். "பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுங்கள்" என்று ஒரு குடிசையைக் காட்டினாள். அவ்வளவுதான். மூன்று வருடம் ஓடிவிட்டது. ஞானம் வந்தபாடில்லை. கைநோவு வந்துவிட்டது.

முதல் நாள் மட்டும் பிள்ளையின் கையைப் பிடித்து மணலில் அகரம் எழுதவைப்பது அந்த மடத்து வழக்கம். தாண்டவமூர்த்திக்குக் கோணல் எழுத்தைக் கண்டால் ஆகாது. அதனால் பிடித்த கையை மாதக்கணக்கில் விடமாட்டார்.

அன்று காலை வகுப்புக்கு முன் குருவிடம் போய் நின்றார்.

"அம்மா, எழுதப் பழகுவது இருபது பிள்ளைகள். கை நோவது எனக்கு. இது ஏன்?"

உலகம்மை எழுந்து அவரோடு குடிசைக்கு நடந்தாள்.

வாசலில் பேச்சி நின்றிருந்தாள். செங்கல் சூளையில் கல் சுமப்பவள். ஒரு கையில் தூக்குச்சட்டி, மறு கையில் மகள் மாடத்தி.

"நாலு மாசமாச்சு தாயி. வீட்டுல ஒரு எழுத்து எழுதுன்னா முழிக்கா. இவளுக்குப் படிப்பு வராது. சூளைக்கே கூட்டிட்டுப் போறேன். காயப்போட்ட பச்சைக் கல்லைத் திருப்பிப் போடவாவது பழகட்டும்."

மாடத்திக்கு ஆறு வயது. தாண்டவமூர்த்திக்கு மனசு கஷ்டமாக இருந்தது. கூடவே ஒரு நிம்மதியும் எட்டிப் பார்த்தது. பிடிக்க வேண்டிய கை ஒன்று குறையுமே! அப்படி நினைத்ததற்கு அவருக்கே வெட்கமாகிவிட்டது.

"கொஞ்சம் பொறு பேச்சி," என்றாள் உலகம்மை. "ஐயா, உட்காருங்கள். மாடத்தி, இன்றைக்கு நீ ஐயா கையைப் பிடி. அவரை நீ எழுத வை."

பிள்ளை அவருடைய சுட்டுவிரலைப் பிடித்தாள். மணலில் வைத்ததுதான் தாமதம், விரல் தானாக ஓடி, அச்சில் வார்த்த மாதிரி ஓர் அகரத்தை எழுதிவிட்டது.

"ஐயாவே எழுதிட்டாவ," என்றாள் மாடத்தி.

உலகம்மை மணலைத் தடவிச் சமமாக்கினாள். "இன்னொரு தடவை."

அதே கதை. மறுபடியும் தடவினாள். மறுபடியும் அதே கதைதான்.

ஐந்தாவது தடவை அவருக்குச் சீ என்று ஆகிவிட்டது. எப்படியோ போகட்டும் என்று கையைத் தளரவிட்டார்.

விரல் நகரவில்லை. மாடத்தி அம்மாவைப் பார்த்தாள், குருவைப் பார்த்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு அந்தக் கனத்த கையை இழுத்தாள். சுழிக்க வேண்டிய இடத்தில் நின்றாள், யோசித்தாள், பிறகு சுழித்தாள். சுழி பெருத்துவிட்டது. கடைசிக் கோடு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. அதை நிமிர்த்த அவர் விரல் துடித்தது. ஆனால் அலுப்பு விடவில்லை.

பேச்சி குனிந்து பார்த்தாள். "இது என்ன எழுத்து தாயி?"

"அவளையே கேள்."

"அ," என்றாள் மாடத்தி, மணிக்கட்டை உதறிக்கொண்டே. "கை வலிக்கும்மா."

பேச்சி அந்தக் கோணல் எழுத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் தூக்குச்சட்டியை மகள் பக்கத்தில் வைத்தாள்.

"மத்தியானம் சாப்பிடுட்டி. பொழுது சாய வாரேன்," என்று தனியாகச் சூளைக்குப் போனாள்.

தாண்டவமூர்த்தி மெல்லக் கேட்டார். "அம்மா, காலையில் நான் கேட்டதற்கு..."

"எழுதுகிறவர் கைதானே ஐயா நோகும்," என்றாள் உலகம்மை.