ஒரு சொட்டும் விழாத கூரை

ஈரப்பாறை மலையில் முள்ளையன் என்ற முள்ளம்பன்றியும் அவன் மனைவி சிலம்பாயியும் இரண்டு குட்டிகளோடு குடியிருந்தார்கள். இரண்டு பெரிய பாறைகளுக்கு நடுவே வீடு. மேலே புல் வேய்ந்த கூரை.

அந்த மலையில் குடித்தனம் நடத்துவது லேசான காரியம் இல்லை. ஆனியில் தொடங்கும் சாரல் ஆவணி வரை விடாது. ஐப்பசியில் அடைமழை பிடித்தால் கார்த்திகை முடியும்வரை சூரியனைக் கண்ணால் பார்க்க முடியாது. பங்குனி, சித்திரையிலோ பாறை சுட்டுக் கால் கொப்பளித்துவிடும். வேறு ஊர் முள்ளம்பன்றிகள் வளை தோண்டி வாழும். இங்கே வளை தோண்டினால் ஒரே வாரத்தில் அது கிணறாகிவிடும். அதனால்தான் பாறையும் கூரையும்.

முள்ளையன் நல்லவன், உழைப்பாளி. ஆனால் இடி என்றால் அவனுக்குப் பயம். வானம் ஒரு தடவை உறுமினால் போதும், முதுகு முள்ளெல்லாம் குத்திட்டு நிற்கும். நின்ற முள் கூரைப் புல்லைப் பொத்துக்கொண்டு வெளியே போகும். பயம் தெளிந்து முள் படுத்ததும், அது இருந்த இடமெல்லாம் ஓட்டை. ஓட்டை வழியாக மழை உள்ளே வரும். அடைப்பவனும் அவன்தான், பொத்துவிடுபவனும் அவன்தான்.

அந்த ஆடியில் சின்னக் குட்டி நனைந்து நனைந்து சளி பிடித்துப் படுத்துவிட்டது. மூன்று நாள் பால் குடிக்கவில்லை. நாலாம் நாள் சிலம்பாயி குட்டிகளைக் கிளப்பினாள்.

"இந்தாருங்க, உங்க மேல எனக்குக் கோவம் ஒண்ணும் இல்லை" என்றாள். "இந்த ஈரத்துல பிள்ளை தேறாது. ஆத்துக்கு அந்தப் பக்கம் எங்க அக்கா வீட்டுக்குப் போறேன். ஒரு சொட்டும் விழாத கூரை போட்டுட்டுச் சொல்லி அனுப்புங்க. அன்னைக்கே கிளம்பி வாரேன்."

முள்ளையன் ஆறு வரைக்கும் கூடப் போனான். கடக்க உதவினான். திரும்பி வரும்போது அழுதான்.

முள்ளம்பன்றிகளிடம் ஒரு வழக்கம் உண்டு. யார் வீட்டு வாசலுக்குப் போனாலும் திடுதிப்பென்று உள்ளே நுழையமாட்டார்கள். உள்ளே இருப்பவர் திடுக்கிட்டு முள்ளைச் சிலிர்த்தால் வந்தவர் உடம்பு சல்லடையாகிவிடும் அல்லவா? அதனால் வாசலில் நின்று வால் முள்ளை உதறிக் கிலுகிலு என்று ஓசை கொடுப்பார்கள். உள்ளே இருப்பவர் முள்ளைப் படிய வைத்துக்கொண்டு, பதிலுக்குக் கிலுகிலு என்பார். அதன் பிறகுதான் நுழைவது. பதில் வராவிட்டால் ஒன்று வீட்டில் ஆள் இல்லை, அல்லது உள்ளே இருப்பவருக்கு வந்தவர் வேண்டாம். தன் வீடானாலும் இதே வழக்கம்தான்.

சிலம்பாயி போன பிறகு, கிழங்கு தோண்டிவிட்டுத் திரும்பும் முள்ளையன் வாசலில் நின்று பழக்கத்தில் வாலை உதறுவான். பதிலுக்காகக் காத்திருப்பான். உள்ளே யாரும் இல்லை என்பது கொஞ்ச நேரம் கழித்துத்தான் நினைவுக்கு வரும். படுக்கும்போது இடது பக்கத்தைக் காலியாக விட்டுப் படுப்பான். அது அவள் படுக்கும் இடம். அவளை முள் குத்தாமல் இருக்க ஒருக்களித்தே படுத்துப் பழகிவிட்டான். இப்போது மல்லாந்து படுக்க இடம் இருந்தும் தூக்கம் வரவில்லை.

"இனிமேல் புல்லே வேண்டாம். தகரம்தான்" என்று முடிவு செய்தான்.

மலைச் சரிவில் பாழடைந்த தேயிலைக் கிடங்கு ஒன்று இருந்தது. மனிதர்கள் விட்டுப் போய்ப் பல வருடம் ஆயிற்று. அதன் கூரைத் தகடுகள் கீழே சரிந்து கிடந்தன. அங்கே கொம்பையா என்ற காட்டுப்பன்றி குடியிருந்தார். தகரத்தைப் பற்றி அவருக்குத் தெரியாதது இல்லை. அப்படி அவரே சொல்லிக்கொள்வார்.

"வாரும் வே, முள்ளையன். தகரமா? சரியான ஆள்கிட்டத்தான் வந்திருக்கீரு" என்றார் கொம்பையா. "இந்தச் செவப்புத் தகடு நல்ல கனம்."

"துரு பிடிச்சிருக்கே, அண்ணாச்சி."

"துருதான். ரெண்டு மழைக்குத் தாங்கும். மூணாவது மழைக்கு உம்ம முள்ளே அதையும் பொத்திரும். சரி, இந்த வெள்ளைத் தகட்டைப் பாரும். கண்ணாடி மாதிரி மின்னுது."

முள்ளையன் அதை மூக்கால் தூக்கிப் பார்த்தான். இலை போல எழுந்தது. "ஆடிக் காத்துல இது பறந்துருமே?"

"பறக்கும். நாலு ஊருக்கு அந்தப் பக்கம் போய் விழும்" என்று கொம்பையா ஒப்புக்கொண்டார். "விவரமான ஆளுதான் நீரு. அப்போ உமக்கு இதுதான்."

மூலையில் நீலப் பூச்சுப் பூசிய தகடுகள் கிடந்தன. நல்ல தடிமன். நெளிநெளியாக வரிகள். துரு என்பது மருந்துக்கும் இல்லை. முள்ளையன் ஒரு முள்ளால் குத்திப் பார்த்தான். முள்தான் வளைந்தது.

"வெயிலுக்குச் சுடாதா, அண்ணாச்சி?"

"உம்ம வீட்டு மேல ஈட்டி மரம் நிழல் குடுக்குதுல்லா? சுடாது. தண்ணி தேங்காம பின்பக்கம் சரிச்சு வையும். ஒரு தகட்டு மேல அடுத்ததை ஒரு சாண் ஏத்திப் போடும். ஆணி ஓட்டையைக் குங்கிலியப் பிசினால அடையும். மேல கல்லை ஏத்தும். அவ்வளவுதான். இன்னொண்ணு சொல்லுதேன் கேளும். இந்த நீலம் இருக்கே, எதிர் மலையில இருந்து பார்த்தாலும் பளிச்சுன்னு தெரியும்."

முள்ளையனுக்கு அந்த ஒரு வார்த்தை போதும். ஆற்றுக்கு அப்பால் அந்த எதிர் மலையில்தான் சிலம்பாயி இருக்கிறாள். நாலு முழத்துக்கு அப்பால் எதைப் பார்த்தாலும் முள்ளம்பன்றிக்கு மங்கல்தான். பன்றிக்கும் கண் அப்படித்தான். அது இருவருக்கும் தெரியும். இருந்தாலும் ஏங்கிக் கிடக்கும் மனசு இதையெல்லாம் எங்கே யோசிக்கும்? ஒவ்வொரு காலையும் அவள் எழுந்து வந்து இந்த நீலத்தைப் பார்ப்பாள் என்று அவன் அங்கேயே நினைத்துக்கொண்டான்.

ஆவணி போய்ப் புரட்டாசியும் வந்தது. தகடுகளை ஒவ்வொன்றாக இழுத்து வந்தான். கொம்பையாவும் கூட இழுத்தார். இழுத்ததைவிட அதிகம் பேசினார். கூரை ஏறியது.

ஈட்டி மரத்தில் குடியிருந்த மலையணில் செவத்தி இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். மரத்துக்கு மரம் தாவி ஆற்றைக் கடக்கத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். கூரையின் மேல் இறங்கி நடந்து பார்த்தாள். டங், டங் என்றது.

"அண்ணே, கூரை நல்லாத்தான் இருக்கு. ஆனா மேல ஒரு சாண் கனத்துக்குப் புல்லைப் பரப்பிடுங்க. இல்லேன்னா மழை பெய்யும்போது சத்தம் காதை அடைக்கும். புல்லு இப்போ நல்லாக் காஞ்சு கிடக்கு."

"புல்லா?" முள்ளையனுக்கு அந்தப் பெயரைக் கேட்டாலே ஆகவில்லை. "அந்தப் புல்லாலதானே என் வீடு இப்படி ஆச்சு? அது மட்டுமில்லை, புல்லைப் போட்டா நீலம் மறைஞ்சிரும். அவ எப்படிப் பார்ப்பா?"

"வெளியில யாராவது கூப்பிட்டா உள்ளே கேக்கணும்லா?"

"நான் ஒத்தையாள். என்னை யாரு கூப்பிடப் போறா?"

செவத்தி கூரையை விட்டுத் தாவி மரத்தில் ஏறிவிட்டாள்.

அன்று மாலையே ஓர் இடி இடித்தது. முள்ளையனின் முள்ளெல்லாம் எழுந்து தகரத்தில் கிணுகிணு என்று முட்டி நின்றன. ஒன்றுகூடப் பொத்தவில்லை. தூறல் விழுந்தது. உள்ளே ஒரு சொட்டும் விழவில்லை. முள்ளையன் தரையை மூலைமூலையாகத் தடவிப் பார்த்தான். எங்கும் காய்ந்த மண். அவனுக்கு வாய் கொள்ளாத சிரிப்பு.

"செவத்தி, ஒரு எட்டு போய்ச் சொல்லிட்டு வா. ஒரு சொட்டும் விழலைன்னு சொல்லு."

செவத்தி போய் இரண்டு நாளில் திரும்பினாள். "மதினிக்குச் சந்தோஷம் தாங்கலை. சின்னது நல்லாத் தேறிட்டு. அக்கா பிள்ளைப்பேறுக்குக் கூட இருந்துட்டு, ஐப்பசி பிறந்ததும் வாரேன்னு சொன்னா."

முள்ளையன் வீட்டைக் கூட்டினான். காய்ந்த சருகு கொண்டுவந்து இடது பக்கம் படுக்கை விரித்தான். குட்டிகளுக்கு இளசான மூங்கில் குருத்து சேர்த்து வைத்தான். குருத்து வாடியது. வேறு கொண்டுவந்தான். அதுவும் வாடியது. தினமும் வாசலில் உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டு பாதையைப் பார்த்தான்.

ஐப்பசி ஐந்தாம் நாள். காலையில் வெயில் அடித்தது. அதை நம்பித்தான் சிலம்பாயி குட்டிகளோடு கிளம்பினாள். ஆற்றைக் கடந்து பாதி மலை ஏறியதும் வானம் கறுத்தது. மழை கொட்டத் தொடங்கியது. திரும்புவதா, ஏறுவதா? "இன்னும் கொஞ்சம்தான், கண்ணுகளா. அப்பா வீட்டுல ஒரு சொட்டும் விழாது" என்று குட்டிகளைத் தள்ளிக்கொண்டு ஏறினாள்.

வாசலில் இருந்த முள்ளையன் மழைக்கு உள்ளே போயிருந்தான். இந்த மழையில் அவள் எங்கே வரப்போகிறாள் என்று நினைத்தான். கூரைமேல் ஆயிரம் பேர் ஒன்றாகப் பறை அடிப்பது போல ஓசை. அவன் மூச்சு விடுவது அவனுக்கே கேட்கவில்லை. இருந்தும் சந்தோஷமாகத்தான் இருந்தான். "அவ இருந்தா இந்தக் காய்ஞ்ச தரையைப் பார்ப்பாளே" என்று நினைத்தபடி, இடது பக்கத்தைக் காலியாக விட்டுப் படுத்துக்கொண்டான்.

மறுநாள் காலை மழை சற்று விட்டது. முள்ளையன் வெளியே வந்தான். வாசல் மண்ணில் கால் தடங்கள். பெரியது ஒருத்தருடையது, சின்னது இரண்டு பேருடையது. நின்ற இடத்திலேயே நின்று மண் குழைந்து போயிருந்தது. வெகுநேரம் நின்றிருக்கிறார்கள். பிறகு தடங்கள் கீழே இறங்கிப் போயிருந்தன.

அவன் விழுந்தடித்து ஆற்றுக்கு ஓடினான். ஆறு கரை தொட்டு ஓடியது. அக்கரை மரத்திலிருந்து தாவி வந்த செவத்தி அவனைக் கண்டு தயங்கினாள்.

"பார்த்தியா, செவத்தி? அவளைப் பார்த்தியா?"

"பார்த்தேன், அண்ணே. வெள்ளம் ஏறுறதுக்கு முன்னால கடந்துட்டாங்க. உசுருக்கு ஒண்ணும் இல்லை."

"ஏன் உள்ளே வரலை?"

"எப்படி வருவா? வாலை உதறி உதறிக் கூப்பிட்டாளாம். ஏழு தடவை. நீங்க உள்ளே இருக்கிற வாசனை வந்துச்சாம். இருந்தும் பதில் சொல்லலையாம். 'ஒழுகுற வீட்டுல இருந்தப்போ ஒரு தடவைகூட அவரு பதில் சொல்லாம இருந்ததில்லை. புது வீட்டுல நான் வேண்டாம் போல'ன்னு சொல்லி அழுதா."

முள்ளையன் ஈர மண்ணில் அப்படியே உட்கார்ந்துவிட்டான். "எனக்குக் கேக்கலை, செவத்தி. சத்தியமாக் கேக்கலை. தகரச் சத்தம். போய்ச் சொல்லு. இப்பவே போய்ச் சொல்லு."

செவத்தி மறுபடியும் போனாள். அவள் திரும்பும்வரை முள்ளையன் ஆற்றங்கரையை விட்டு நகரவில்லை.

"சொன்னேன், அண்ணே. நம்பிட்டா. உங்களைச் சந்தேகப்பட்டதுக்குத் தன்னையே திட்டிக்கிட்டா."

"அப்போ வருவாளா?"

"எங்க வர? சின்னதுக்கு மறுபடியும் சளி. வெள்ளம் வடிய மார்கழி ஆகும். ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டு வரச் சொன்னா." செவத்தி வேறு பக்கம் பார்த்துக்கொண்டாள். "'அடுத்த தடவை வந்து கூப்பிட்டா அவருக்குக் கேக்குமா?'ன்னு."

முள்ளையனுக்குச் செவத்தி அன்று சொன்ன புல் நினைவுக்கு வந்தது. கூரைமேல் பரப்பலாம் என்றால் மலையில் இருந்த புல்லெல்லாம் ஊறி அழுகிக் கிடந்தது. காய்ந்த புல்லுக்குத் தை மாதம்வரை காத்திருக்க வேண்டும்.

கடைசியில் அவன் சொன்னான்: "கேக்கும்னு சொல்லு. நான் வெளியே இருக்கேன்னு சொல்லு."

அந்த ஐப்பசி, கார்த்திகை முழுவதும் ஈரப்பாறை மலையில் மழை அடித்துப் பெய்தது. இடி இடிக்கும்போதெல்லாம் முள்ளையனுக்கு முள் சிலிர்க்கும். அதைப் படிய வைத்துக்கொண்டு, வெள்ளம் வடியாமல் அவள் வரமாட்டாள் என்று தெரிந்தும், பாதை ஓரத்தில் நனைந்தபடி உட்கார்ந்திருப்பான். கீழே ஒரு சுள்ளி ஒடிந்தாலும் வாலை உதறிக் கிலுகிலு என்பான். காதைத் திருப்பிக் காத்திருப்பான். ஒரு சொட்டும் விழாத அந்த நல்ல வீடு காய்ந்து, காலியாகக் கிடந்தது.

யாருக்காக வீட்டைக் கட்டுகிறோமோ அவர் வந்து கூப்பிடும் குரல் உள்ளே கேட்காவிட்டால், அந்தக் கூரை எவ்வளவு உறுதியாக இருந்தும் பயனில்லை.