செவலையின் கரை

காட்டாறு வற்றிப்போனதும் நீர்நாய்க் கூட்டம் கிளம்பி, மலைக்கு அந்தப் பக்கம் இருந்த பெரிய ஏரிக்கு வந்து சேர்ந்தது. தண்ணீரைக் கண்டதும் குட்டிகள் குதித்தன. பெரிய நீர்நாய்களோ கரையைப் பார்த்தன. கரை இருந்தால்தானே வளை தோண்டலாம், மீன் பிடிக்கலாம்!

அந்தக் கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. குடும்பத்துக்கு ஒரு துண்டுக் கரை. தகப்பன் இறந்துவிட்டால், மகன் அந்தக் கரையில் நின்று தகப்பன் பெயரை உரக்கச் சொல்ல வேண்டும். அன்று முதல் கரை மகனுக்கு. பெயர் மட்டும் தகப்பனுடையதாகவே இருக்கும்.

செவலை என்ற நீர்நாய் வரும் வழியிலேயே இறந்துபோனது. அதற்குப் பிள்ளைகள் மூன்றும் பெண்கள்.

பங்கு பிரிக்கும்போது செவலையின் தம்பி கட்டையன் முந்திக்கொண்டு வந்தது. "அண்ணன் பெயரைச் சொல்ல ஆண்பிள்ளை இல்லை. அந்தக் கரையை என் கரையோடு சேர்த்துவிடுங்கள்" என்றது.

"அப்போ நாங்கள் எங்கே போவது, சித்தப்பா?" என்று மூத்த பெண் மின்னி கேட்டது.

"ஏன், என் கரையில் மிச்சம் மீதி இல்லாமலா போகும்? தின்றுவிட்டு ஓரமாகக் கிடந்துகொள்ளுங்கள்."

சொந்தச் சித்தப்பா பேசுகிற பேச்சா இது?

பெண்கள் மூன்றும் கூழைக்கடாவிடம் போய் நின்றன. ஏரியில் எந்த வழக்கு என்றாலும் அந்தப் பறவைதான் தீர்ப்புச் சொல்லும். அவற்றுக்கு முன்பே கட்டையன் அங்கே போயிருந்தது. சும்மா போகவில்லை, கொழுத்த விரால் மீனோடு போயிருந்தது.

"எடுத்துக்கொண்டு போப்பா" என்றது கூழைக்கடா. "வாய் நிறைய உன் மீனை வைத்துக்கொண்டு நான் எப்படித் தீர்ப்புச் சொல்வது?"

இதைப் பார்த்ததும் பெண்களுக்குத் தைரியம் வந்தது. ஆனால் கடைக்குட்டி மட்டும் ஓவென்று அழ ஆரம்பித்தது.

"அழாதே அம்மா. பெரிய ஆள் என்று பயந்தும் நான் தீர்ப்புச் சொல்வதில்லை, பாவம் என்று இரக்கப்பட்டும் சொல்வதில்லை. உங்கள் பக்கம் நியாயம் இருந்தால் சொல்லுங்கள்" என்றது கூழைக்கடா.

மின்னி முன்னால் வந்தது. "ஐயா, மகன் பெயர் சொல்ல வேண்டும் என்று எதற்காக வைத்தார்கள்? இறந்தவர் பெயர் கரையில் நிற்கட்டும் என்றுதானே? சித்தப்பா எடுத்துக்கொண்டால் அது கட்டையன் கரை ஆகிவிடும். எங்கள் அப்பா என்று ஒருவர் இருந்ததே யாருக்கும் தெரியாமல் போகும். அந்தப் பெயரை நான் சொன்னால் என்ன?"

கூழைக்கடா, "இதற்கு எனக்குப் பதில் தெரியவில்லை. யோசித்துவிட்டு நாளை சொல்கிறேன்" என்றது.

தெரியாததைத் தெரியாது என்று சொல்ல ஒரு மனசு வேண்டும், பாருங்கள். நாற்காலியில் உட்கார்ந்தவர்கள் பலருக்கு அது வருவதில்லை.

ஏரி நடுவிலிருந்த பாறைக்குப் போய், படைத்தவனை வேண்டிக்கொண்டு தனியாக உட்கார்ந்தது கூழைக்கடா. மறுநாள் எல்லோரையும் கூட்டித் தீர்ப்புச் சொன்னது.

"மின்னி கேட்டதுதான் நியாயம். கரை இந்தப் பெண்களுக்கு. இது இவர்களுக்கு மட்டும் செய்யும் தயவு இல்லை. மகன் இல்லாத எந்த வீட்டுக்கும் இனி இதுதான் சட்டம்."

"நாளைக்கு இவர்கள் வேறு கூட்டத்தில் கல்யாணம் செய்துகொண்டால் கரையும் போய்விடுமே?" என்று கட்டையன் சீறியது.

"போகாது. மாப்பிள்ளை உங்கள் கூட்டத்திலேயே கிடைப்பான், தேடுவோம்."

பழங்கால இஸ்ரவேல் மக்களின் சட்டத்திலும் இப்படி ஒன்று உண்டு. தகப்பனை இழந்த சில பெண்கள் சபை நடுவில் நின்று கேட்டதால் வந்த சட்டம் அது. எனக்கும் பிள்ளைகள் எல்லாம் பெண்கள்தான். அந்தப் பெண்களை நினைக்கும்போதெல்லாம் மனசுக்குள் ஒரு கும்பிடு போட்டுக்கொள்வேன்.

மின்னி கரையில் நின்று, "செவலை!" என்று கத்தியது. தங்கைகளும் சேர்ந்து கத்தின. கத்த முடியாமல் அழுதன. பிறகு கூழைக்கடாவின் காலைத் தொட்டு நன்றி கூறின.

கட்டையன் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரும்பியது. பின்னாலேயே அதன் மகள் பொட்டு ஓடி வந்தது. ஒரே மகள். ஆமாம், கட்டையனுக்கும் ஆண்பிள்ளை கிடையாது. அண்ணன் கரைமேல் இருந்த ஆசையில் அதற்கு இது நினைவுக்கே வரவில்லை.

"அப்பா, நீங்கள் ஜெயித்திருந்தால், உங்களுக்குப் பிறகு நான் எங்கே போயிருப்பேன்?" என்று பொட்டு கேட்டது.

கட்டையன் மகளையும் கூட்டிக்கொண்டு மின்னியிடம் வந்தது. "என் பெண்ணுக்கும் சேர்த்துத்தான் நீ நியாயம் கேட்டிருக்கிறாய், தாயி. நான்தான் கண்ணிருந்தும் குருடாக இருந்தேன். நீ நன்றாயிருக்க வேண்டும்" என்றது.

ஒருவர் துணிந்து கேட்கும் நியாயம் எதிர்த்தவர் பிள்ளைக்கும் வந்து சேரும்; ஆகவே, கேட்டவரை நன்றியோடு நினைக்க வேண்டும்.