நீலிக்குப் பொருந்தும் மீன்

கொளத்தூரில் ஜெசிந்தா என்று ஒரு குரு இருந்தாள். தூத்துக்குடிக்காரி, வயது முப்பத்திரண்டு, வீட்டுத் தொட்டியில் வளர்க்கிற கடல் மீன் விற்கும் கடை வைத்திருந்தாள். அவளுடைய சீடர் தணிகாசலத்துக்கு வயது அறுபத்தொன்று. தலைமையாசிரியராக இருந்து ஒரு பள்ளிக்கூடத்தையே கை கட்டி நிற்க வைத்தவர், அவள் கடைக்குள் நுழைந்தால் தானே கை கட்டிக்கொள்வார். "குருவே" என்றுதான் கூப்பிடுவார். கேலியாக ஆரம்பித்தது, அப்படியே நிலைத்துவிட்டது.

நான் அவருக்குப் பக்கத்து வீடு. எனக்கும் மீனுக்கும் குழம்போடு சரி. ஆனாலும் நடந்ததையெல்லாம் பக்கத்தில் நின்று பார்த்தவன் நான்தான். அதனால் நானே சொல்கிறேன்.

குரு லேசில் மீன் தருகிறவள் இல்லை. அவர் வாங்கிய கண்ணாடித் தொட்டியில் உப்புத் தண்ணீரும் மணலும் பாறையும் மட்டும் வைத்து, தண்ணீர் பக்குவப்பட நாற்பது நாள் ஓட விடுங்கள் என்று சொல்லிவிட்டாள். மனிதரால் சும்மா இருக்க முடியுமா? அந்த நாற்பது நாளும் பாறைத் துண்டுகளை எடுத்து எடுத்து வைத்து ஒரு வளைவு கட்டினார். வீட்டுக்கு யார் வந்தாலும் அதன் முன்னால் நிறுத்தி, எந்தக் கல் எதன் மேல் உட்கார்ந்திருக்கிறது என்று பாடம் எடுப்பார். காப்பி ஆறிப்போகும்.

முதலில் வந்தது நீலி. கட்டைவிரல் நீளம், மின்னுகிற நீல உடம்பு, மஞ்சள் வால். வந்த அன்றே வளைவுக்கு அடியில் குடியேறியது. கடுகு சிறுத்தாலும் காரம் போகாது என்பார்களே, அது நீலிதான். கண்ணாடி துடைக்கக் கை விட்டால் அவர் கையையே வந்து கொத்தும். அவருக்கு அதில் ஒரே பெருமை.

நீலிக்குத் துணையாக ஒரு வெள்ளையும் சிவப்புமான மீன் வாங்கினார். மூலையில் ஒடுங்கியே இருந்து, துடுப்பெல்லாம் கிழிந்து, மூன்றாம் நாள் செத்தது. அடுத்து ஊதா நிறத்தில் ஒன்று. நீலி துரத்திய துரத்தலில் அது தொட்டியைத் தாண்டிக் குதித்து, சோபாவுக்கு அடியில் காய்ந்து கிடந்தது. அவர் அதை மல்லிகைத் தொட்டியில் புதைத்துவிட்டு இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

மறுபடியும் கடைக்குப் போனார். என்னையும் இழுத்துக்கொண்டு போனார். சட்டைப்பையில் ஒரு பட்டியல். மஞ்சள், ஆரஞ்சு, பச்சையில் புள்ளி வைத்தது என்று பத்துப் பன்னிரண்டு மீன்.

"குருவே, இதுல நீலிக்குப் பொருந்துற மீன் எது?"

குரு பட்டியலை வாங்கவே இல்லை. "நல்ல மீன் ரெண்டு கொடுத்தேன். ரெண்டும் போச்சு. இன்னும் ஒண்ணு தருவேன் சார். அதையும் கொன்னுட்டா, அப்புறம் உங்க தொட்டிக்கு என்கிட்ட மீன் கிடையாது" என்றாள்.

குரலை உயர்த்தாமல்தான் சொன்னாள். இவருக்கு முகம் செத்துவிட்டது. பட்டியலை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை குருவே வீட்டுக்கு வந்தாள். கையில் ஒரு பிளாஸ்டிக் பை. பைக்குள் எலுமிச்சை மஞ்சளில் விரல் நீளத்துக்கு ஒரு மீன். என்ன மஞ்சள் அது! எனக்கே ஆசை வந்துவிட்டது. அவருடைய மனைவி விசாலாட்சி அடுப்பை அணைத்துவிட்டு ஓடி வந்தார். சீடருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

தண்ணீரின் சூடு பழகுவதற்காகப் பையை அப்படியே தொட்டியில் மிதக்க விட்டாள். விட்டதுதான் தாமதம், வளைவுக்கடியிலிருந்து நீலி கிளம்பியது. பையை முட்டியது. திரும்பிப் போய் மறுபடி வந்து முட்டியது. உள்ளே மஞ்சள் மூலைக்கு மூலை பறந்தது.

சீடர் பையைத் தூக்கப் போனார். இது வேண்டாம், திரும்ப எடுத்துக்கொண்டு போய்விடு என்றார். இல்லாவிட்டால் நீலியையாவது பிடித்துக்கொண்டு போ என்றார்.

"வலைக்கு நீலி சிக்காது சார். பாறையை எடுத்தாத்தான் பிடிக்க முடியும்."

"அப்போ என்னதான் பண்றது?"

"வளைவைப் பிரிங்க."

அவர் அவளைப் பார்த்தார். வளைவைப் பார்த்தார். நாற்பது நாள் கட்டியது, இதைப் பார்க்க ஆட்கள் வருகிறார்கள் என்று ஏதேதோ சொன்னார். குரு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். தான் கை வைக்கப் போவதில்லை என்று சொல்லிவிட்டாள். பை மிதந்துகொண்டே இருந்தது. நீலி முட்டிக்கொண்டே இருந்தது.

கடைசியில் மனிதர் சட்டையைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு, தோள்பட்டை வரைக்கும் கையை உள்ளே விட்டார்.

ஒவ்வொரு கல்லாக வாளிக்கு வந்தது. தண்ணீர் கலங்கியது. எல்லாம் எடுத்த பிறகு, நீலியைப் பிடிக்க வேண்டாம், இப்போது கல்லை வேறு மாதிரி வையுங்கள் என்றாள் குரு. இடது பக்கத்துக் கல் வலது பக்கம், மேலே இருந்தது கீழே. அழகைப் பார்க்க நேரமில்லை. அவசரத்தில் கொட்டிய ஜல்லிபோல இருந்தது. கலங்கல் மெல்ல அடங்கியபோது நீலி அங்கும் இங்கும் ஓடித் தன் வீட்டைத் தேடிக்கொண்டிருந்தது. வீட்டைக் காணோம். அதன் பக்கத்தில்தான் பை மிதந்தது, அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"இப்ப விடுங்க" என்றாள் குரு.

மஞ்சள் வெளியே வந்தது. ஒரு கோடு மாதிரிப் பாய்ந்து, அடியில் கிடந்த மணலுக்குள் சொருகிக்கொண்டது. அவ்வளவுதான், ஆளையே காணோம்.

இந்த மீன் பயந்தால் மணலுக்குள்தான் படுக்கும், யாரும் தோண்டக் கூடாது, தொட்டியின் மேல் வலை போட்டு மூடிவையுங்கள் என்று சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள்.

திங்கட்கிழமை மஞ்சள் வெளியே வரவில்லை. செவ்வாயும் வரவில்லை. அவர் போன் மேல் போன் போட்டார், அவள் எல்லாவற்றுக்கும் ஒரே பதில்தான் சொன்னாள்: தோண்டாதீங்க. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அவர் கையில் ஒரு கரண்டி இருந்ததை நான் பார்த்தேன். விசாலாட்சியம்மா பிடுங்கி வைத்துக்கொண்டார்.

புதன்கிழமை காலை பல் விளக்கிக்கொண்டிருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து என் பெயரைச் சொல்லி ஒரு கூப்பாடு. வாயில் நுரையோடு ஓடினேன்.

மஞ்சள் வெளியே வந்திருந்தது! காலை வெயில் பட்டுத் தொட்டியே எரிந்தது. கல்லுக்குக் கல் நின்று எதையோ கொத்தித் தின்றது. நீலி பார்த்துவிட்டது. நேராகப் பாய்ந்தது. பாதி தூரம் வந்த நீலி நின்றது. பின்னால் திரும்பிக் கற்களைப் பார்த்தது. இந்தப் பக்கம் போயிற்று, அந்தப் பக்கம் போயிற்று. பிறகு அதுவும் ஒரு கல்லைக் கொத்த ஆரம்பித்தது.

விசாலாட்சியம்மா கை தட்டினார். தலைமையாசிரியர் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். என் நுரையெல்லாம் அவர் தோளில். இவ்வளவு சந்தோஷமாக அவரை நான் பார்த்ததே இல்லை.

குருவுக்குச் சொல்லியனுப்பினார்கள். கடை திறக்கும் முன்பே வந்தாள். தொட்டி முன்னால் குந்தி உட்கார்ந்து நீலத்தையும் மஞ்சளையும் பார்த்துச் சிரித்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

சீடருக்கு மட்டும் கொஞ்ச நேரத்தில் முகம் வாடியது. மெதுவாகப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"குருவே, நாலு நாள் போனா நீலி இதுலயும் ஒரு பொந்தைப் பிடிச்சுக்கும். மறுபடி இது என் இடம்னு கிளம்பும். அப்போ என்ன பண்றது?"

"கிளம்பட்டும் சார். புதுசா வர்றதைத்தான் அது விரட்டும். அன்னிக்கு மஞ்சளும் பழைய மீன்தானே."