ரங்கராஜு முதலாளியின் ரேடியோ

மில் முதலாளி ரங்கராஜு சொன்னால் மறுபேச்சு கிடையாது. விருந்தாளிகள் முன்னால் பழைய வால்வு ரேடியோவைக் காட்டி, மில் எலக்ட்ரீஷியன் சூசையிடம், "இது பாடணும். ஆனா உள்ளே ஒரு சாமானையும் மாத்தக் கூடாது. எல்லாம் ஒரிஜினலாவே இருக்கணும்" என்றார்.

"கண்டென்சரெல்லாம் உப்பிக் கிடக்குதுங்க. மாத்தாம கரண்டு குடுத்தா வெடிச்சிருமுங்க."

"மாத்தினா அப்புறம் அது அதே ரேடியோவாடா?"

சூசையின் நாக்கு சும்மா இருக்காது. "இப்ப முறுக்குக் கடிச்சீங்களே முதலாளி, அது ஒரிஜினல் பல்லுங்களா?"

விருந்தாளிகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். முகம் சிவந்த முதலாளி தானே எழுந்துபோய் ஸ்விட்சைப் போட்டார். டப்பென்று வெடித்தது. புகை அடங்கியபோது உள்ளே எல்லாம் கருகியிருந்தது.

முதலாளி ரேடியோவின் தலையைத் தடவினார். "என் சம்சாரம் பாட்டுக் கேட்ட ரேடியோடா. அவ விட்டுட்டுப் போனபடியே இருக்கட்டும்னுதான்..."

சூசையின் சட்டைப்பையில் புதுக் கண்டென்சர்கள் இருந்தன. பழைய கண்டென்சரின் கூட்டைக் குடைந்து அதற்குள் புதுசை வைத்து, வெளியே தெரியாமல் மூடுவது அவனுக்குக் கைவந்த வேலை. ஏன் மாற்றக் கூடாது என்று அவன் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அதைத்தான் செய்திருப்பான்.

அந்தப் பல்லுக் கதையை மில்லில் இன்றும் சொல்லிச் சிரிக்கிறார்கள். சூசை வந்தால் நிறுத்திவிடுவார்கள்.