கயித்தான் தர வேண்டிய மீசை

முதலில் அநியாயம் பண்ணினவர் கயித்தான் ரோட்ரிகோ. இதை நன்றாக மனதில் வைத்துக்கொண்டுதான் மேலே படிக்க வேண்டும். பிறகு யார் என்ன பேசியிருந்தாலும், ஆரம்பித்து வைத்தது அவர்தான்.

தூத்துக்குடி ஓடைக்கரையில் மாசாணத்தின் சலூனில் நடந்தது அது. லம்பர்த்து மச்சாது துறைமுகத்தில் லாஞ்சு ஓட்டி ஓய்வு பெற்றவர். உப்பு முதலாளி ஒருவர் வீட்டுக் கொல்லையில் கிடந்த பழைய ஃபைபர் போட் அவருக்குச் சும்மா கிடைத்தது. மீன் பிடிக்கிற போட் இல்லை. காரில் இருப்பது மாதிரி ஸ்டியரிங், முன்னால் கண்ணாடி, உட்கார மெத்தை சீட்டு. அந்தக் காலத்துப் பணக்காரப் பிள்ளைகள் கடலில் உல்லாசமாகச் சுற்றி வர வாங்கியது. ஐம்பது வருஷத்துப் பழசு. முதலாளியின் பேரன், "கொல்லை காலியானாப் போதும், தூக்கிட்டுப் போங்க" என்று சொல்லிவிட்டான்.

தூக்கி வர ஒரு டிராக்டர் வேண்டும். டிராக்டர் வைத்திருந்தவர் கயித்தான். ஒரே லாஞ்சில் லம்பர்த்தோடு பாதி வாழ்க்கையைக் கழித்தவர். கேட்டால் கொடுக்க மாட்டாரா என்று நம்பித்தான் லம்பர்த்து சலூனுக்கே போய்க் கேட்டார்.

"அந்த ஆட்டுத் தொட்டிக்கா டிராக்டரு?" என்றார் கயித்தான். "வேய் லம்பர்த்து, அது என்னைக்காவது தண்ணியில ஓடிச்சின்னா, இதே நாற்காலியில உக்காந்து இந்த மீசைய எடுத்துப்புடுதேன். மாசாணம், நீ சாட்சி."

சலூனே சிரித்தது. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். கயித்தான் சிரிக்கும்போது லம்பர்த்தைப் பார்க்கவில்லை. கண்ணாடியில் தன் மீசையைப் பார்த்துக்கொண்டு சிரித்தார். அதுதான் லம்பர்த்துக்கு ஆறவில்லை. மீசையும் லேசுப்பட்டதில்லை. இரண்டு முனையும் கன்னத்தைத் தாண்டி, காதுக்கு வழி கேட்டுக்கொண்டு நிற்கும்.

அன்றிலிருந்து லம்பர்த்து வேறு எதையும் நினைக்கவில்லை. போட்டை வாடகை வண்டியில் ஏற்றி வந்து வீட்டு முற்றத்தில் போட்டுக்கொண்டு மாதக்கணக்கில் உழைத்தார். சுற்றுச்சுவரை உடைத்துத்தான் அதை உள்ளே கொண்டுவந்தார், மறுபடி உடைத்துத்தான் வெளியே கொண்டுபோனார். இரண்டாவது தடவை உடைத்ததிலிருந்து அவர் மனைவி ரெஜினா அவரோடு பேசுவதில்லை. கடைசியில் போன வியாழக்கிழமை காலையில் அது ஓடியது. ஓடைப் பாலத்தடியில் இறங்கி, உப்பளத்துத் துறை வரைக்கும் போய்த் திரும்பியது. வழியில் இரண்டு தடவை நின்றது உண்மை. ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்து மறு கையால் டால்டா டப்பாவில் தண்ணீர் இறைத்ததும் உண்மை. ஆனாலும் ஓடியது ஓடியதுதான். வரப்பில் நின்ற உப்பள மேஸ்திரி அய்யம்பெருமாள் தன் கண்ணால் பார்த்தார்.

ஞாயிற்றுக்கிழமை அந்த அய்யம்பெருமாளையும் கூட்டிக்கொண்டு லம்பர்த்து சலூனுக்குப் போனார். வாசலிலேயே நின்றார். கயித்தான் நாற்காலியில் ஏறி, கழுத்தில் துணி கட்டி, மாசாணம் இரண்டு கன்னத்திலும் நுரை பூசும் வரைக்கும் உள்ளே போகவில்லை. நுரை பூசின ஆள் எழுந்து போக முடியாது பாருங்கள். என்ன சொன்னாலும் கேட்டுத்தான் ஆகவேண்டும்.

"மாசாணம், கத்திய நல்லாத் தீட்டி வை" என்றபடி பெஞ்சில் உட்கார்ந்தார் லம்பர்த்து. "இன்னைக்குப் பெரிய அறுவடை இருக்கு. போட்டு ஓடிட்டுது."

கயித்தானின் கண் கண்ணாடிக்குள்ளேயே லம்பர்த்தின் பக்கம் திரும்பியது. நுரை அசையவில்லை.

இந்த இடத்தில் லம்பர்த்து மேஸ்திரியைக் கைகாட்டி, 'கேட்டுக்கிடும்' என்று முடித்திருக்கலாம். ஆனால் நுரை பூசின எதிராளியும், கேட்க ஆளும் ஒரே இடத்தில் வாய்ப்பது எப்போதாவதுதானே.

"டிராக்டர் தரலேல்லா? அதனால என்ன கெட்டுப்போச்சு? அந்தப் போட்டுக்குள்ள ஆடுங்க குடியிருந்துச்சு. ஆட்டன் பூட்டன் காலத்துலேருந்து அங்கனயே பொறந்து வளந்த ஆடுங்க, எறங்க மாட்டேன்னுட்டு. போட்டுக்கு அடியில பூராவும் ஓட்டை. ஒவ்வொரு ஓட்டையிலயும் ஒவ்வொரு ஆட்டுக் காலு வெளிய நீட்டிக்கிட்டிருந்துச்சு. நான் ஒரு கட்டு அகத்திக்கீரையக் கையில பிடிச்சுக்கிட்டு முன்னால நடந்தேன். அவ்வளவுதான், போட்டு எழும்பி நாப்பது காலுல நடந்து வந்துட்டு."

"பத்து ஆடா அண்ணாச்சி?" என்றான் மாசாணம்.

"பதினொண்ணு. ஒண்ணு ஸ்டியரிங்கப் பிடிச்சிருந்துச்சுல்லா."

அய்யம்பெருமாள் தலையைக் குனிந்துகொண்டார். அவர் பார்த்தது வியாழக்கிழமை மட்டும்தான். ஆட்டு விஷயத்துக்கு அவர் பொறுப்பில்லை.

"பெறவு பழைய பெயிண்ட உப்புத்தாள் வச்சுத் தேய்ச்சேன். ஃபைபர் தூசி இருக்கே, மேல பட்டா என்னமா அரிக்கும் தெரியுமா? எங்க தெரு பூராவும் சொறிஞ்சுக்கிட்டு நின்னுச்சு. பாதிரியாரு ஒரு கையால சிலுவ போட்டுட்டு மறு கையால சொறியுதாரு. தெருமுக்குல ரெண்டு கரண்டு கம்பம் இருக்குல்லா? தாங்க முடியாம ரெண்டும் சாஞ்சு ஒண்ணு முதுக ஒண்ணு சொறிஞ்சுக்கிட்டு நிக்கி."

"அன்னைக்குத்தான் ராத்திரி பூரா கரண்டு இல்லாமப் போச்சோ?" என்றார் அய்யம்பெருமாள், தன்னையறியாமல்.

"அதான்வே! நான் சொல்லலைன்னா உமக்குக் காரணமே தெரிஞ்சிருக்காது."

மாசாணம் கயித்தானின் இடது கன்னத்தை முடித்தான். கயித்தான் ஒரு வார்த்தை பேசவில்லை. கேட்கிறவன் பேசாமல் இருந்தால் சொல்கிறவனுக்கு இன்னும் கொஞ்சம் போடத் தோன்றும். லம்பர்த்து காலைத் தூக்கிப் பெஞ்சின் மேல் மடக்கிக்கொண்டார்.

"அடுத்தது ஓட்டை அடைக்குத ரெசின் வேலை. ஒரு கிலோ ரெசினுக்கு ஒரு மூடி ஹார்ட்னர் ஊத்தணும். அப்பத்தான் இறுகும். கூடிப்போச்சுன்னா சூடு கிளம்பி புகைய ஆரம்பிச்சுரும். நான் அளவு பாத்து ஊத்தையில ரெஜினா, 'சாப்பிட வாரியளா'ன்னு ஒரு சத்தம் போட்டா. பயத்துல முழுப் பாட்டிலும் கவுந்துட்டு. அந்தச் சூட்டுல எங்க வீட்டுல மூணு நாளு சோறு வெந்துச்சு, மீன் குழம்பு கொதிச்சுச்சு. கேஸ்காரன் வந்து, 'அண்ணாச்சி, சிலிண்டரு வேண்டாமா?'ன்னு அழுதுட்டுப் போறான்."

"ரெசின் என்னாச்சு?"

"மாசாணம், இப்பந்தான் நீ விஷயத்துக்கு வார. சூட்டுல ரெசின் இறுகுத வேகம் இருக்கு பாரு, அந்த நேரம் மேல ஒரு காக்கா பறந்துச்சு. அதோட நிழலு போட்டு மேல விழுந்துச்சு. விழுந்தது ஒட்டிக்கிட்டு. காக்கா போயிட்டு, நிழலு போகலை. இப்பமும் சாயங்காலம் ஆனா அந்தக் காக்கா வந்து சுவர்ல உக்காந்து, என் நிழலத் தாரும், தாரும்னு கத்துது. நான் எங்கன போயிச் சுரண்டிக் குடுக்க?"

"அந்த நிழல நான் வந்து பாக்கலாமா?"

"மேல பெயிண்டு அடிச்சாச்சே."

பெஞ்சு குலுங்கியது. அய்யம்பெருமாள் வாயைப் பொத்திச் சிரித்தார். மாசாணம் கத்தியை ஒதுக்கி வைத்துவிட்டுச் சிரித்தான், கயித்தானின் கழுத்துக்குப் பயந்து. கயித்தான் மட்டும் வலது கன்னத்து நுரையோடு நேராக உட்கார்ந்திருந்தார். பிறகு முதல் தடவையாக வாயைத் திறந்தார்.

"உம்ம வீட்டு வாசலு நாலடி. போட்டு ஆறடி அகலம். வெளிய எப்படிக் கொண்டுபோனீரு?"

நல்ல கேள்வி. சுவரை உடைத்தேன் என்று சொன்னால் கதை அங்கேயே படுத்துவிடும். ரெஜினா பேசாத கதையும் பின்னால் வரும்.

"அங்கதான்வே இருக்கு வேலை! பட்டி பாத்து மறுபடி உப்புத்தாள் போட்டேன். மொதல்ல முரட்டுத் தாளு, பெறவு நைசு, அதுக்கு மேல நைசு. தேய்க்கத் தேய்க்க போட்டு மெலிஞ்சுக்கிட்டே வருது. அப்பளம் மாதிரி ஆயிட்டு. ஒரு நாள் காலையில எந்திரிச்சுப் பாக்கேன், முற்றத்துல போட்டக் காணும். அண்ணாந்து பாத்தா மாமரத்துக்கு மேல நிக்கி! எட்டிப் பிடிச்சு இழுத்து அம்மிக்கல்லோட கட்டிப்போட்டேன். தண்ணிக்குக் கொண்டுபோற அன்னைக்கு அம்மிய அவுத்து விட்டேன். அதுபாட்டுக்கு எழும்பி, சுவரத் தாண்டி, ரோட்டுக்கு மேல வந்துட்டு. நான் கயித்தப் பிடிச்சுக்கிட்டு கீழ நடந்தேன். பட்டம் விடுத மாதிரிதான். பாலத்துக்கிட்ட வந்ததும் மோட்டர மாட்டினேன். அந்தக் கனத்துலதான் கொஞ்சம் கீழ வந்துச்சு."

"மோட்டர் ஓடிச்சோ?" என்றார் கயித்தான்.

"ஓடிச்சோவா? மோட்டர் கயித்த ஒரு இழுப்புத்தான் இழுத்தேன். உப்பளத்துத் துறைக்குப் போய்ச் சேந்துட்டு திரும்பிப் பாக்கேன், அங்க பாலத்தடியில நானே நின்னு கயித்த இழுத்துக்கிட்டிருக்கேன்! அவ்வளவு வேகம். கையத் தூக்கி, 'சீக்கிரம் வாவே'ன்னு எனக்கு நானே சத்தம் போட்டேன். சத்தம் போயிச் சேருததுக்குள்ள நான் திரும்பி வந்துட்டேன். பாலத்தடியில நின்னு நானே அதக் காதால கேட்டேன்."

இப்போது வெளியே டீ குடித்துக்கொண்டிருந்தவர்களும் வாசலில் கூடிவிட்டார்கள். லம்பர்த்துக்கு உடம்பெல்லாம் பூரித்தது. ஆட்டுத் தொட்டி என்று சொல்லி இந்த இடத்தில்தானே சிரித்தார்கள்? இப்போது யாருக்காகச் சிரிக்கிறார்கள்?

மாசாணம் வலது கன்னத்தையும் முடித்துவிட்டான். மீசை மட்டும் பாக்கி. கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு கயித்தானைப் பார்த்தான். "அண்ணாச்சி, நீங்க சொன்ன சொல்லு இருக்கு. நாந்தான் சாட்சி. என்ன செய்யட்டும்?"

கயித்தான் மீசையை ஒரு தடவை தடவினார். முகத்தில் கவலைதான் தெரிந்தது. அடுத்த வாரம் கோயில் கொடியேற்றம். ஊர் முழுக்கப் பார்க்கும்.

"செய்யி" என்றார் மெதுவாக. "சொன்னாச் சொன்னதுதான். ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கிடுதேன். வேய் லம்பர்த்து, அவ்வளவு வேகத்துல போனா தண்ணி எக்கச்சக்கமா தெறிச்சிருக்குமே? தொப்பல் தொப்பலா நனைஞ்சிருப்பீரே?"

லம்பர்த்துக்குச் சிரிப்பு வந்தது. இவ்வளவு நேரம் கேட்டும் இந்த ஆளுக்கு இன்னும் புரியவில்லையே!

"நனையுததா? போட்டு தண்ணியத் தொட்டாத்தானவே தெறிக்கும்! முழங்கால் உயரத்துல காத்துலயே போயி, காத்துலயே வந்துச்சு. வந்து அடியத் தடவிப் பாத்தேன். ஒரு பொட்டு ஈரம் கிடையாது. உளுந்து காயப் போடலாம். அப்படிக் காஞ்சு கிடந்துச்சு!"

சலூனில் யாரும் சிரிக்கவில்லை. மாசாணத்தின் கத்தி மீசைக்கு ஒரு விரல் தூரத்தில் நின்றது.

"அப்பம் தண்ணியில ஓடல" என்றார் கயித்தான்.

"என்னது?"

"நான் சொன்னது என்ன? தண்ணியில ஓடினா மீசைய எடுக்கேன்னேன். நீரு தண்ணியத் தொடவே இல்லேங்கீரு. மாசாணம், கத்திய மடக்கு."

அய்யம்பெருமாளுக்குப் பொறுக்கவில்லை. எழுந்தே நின்றுவிட்டார். "இல்லவே, நான் பாத்தேன்! வரப்புல நின்னு என் கண்ணால பாத்தேன். நல்லாத் தண்ணியிலதான் ஓடிச்சு. பாதி முங்கித்தான் ஓடிச்சு. இவரு டப்பாவால இறைச்சுக்கிட்டே போனாரு!"

எல்லாரும் லம்பர்த்தைப் பார்த்தார்கள். கயித்தானும் பார்த்தார், இந்தத் தடவை கண்ணாடி வழியாக இல்லை, திரும்பி நேராகவே. 'ஆமா' என்று ஒரு சொல் போதும். மீசை தரையில் கிடக்கும். ஆனால் அந்தச் சொல்லைச் சொன்னால் காக்காவின் நிழல் போகும், ஸ்டியரிங் பிடித்த ஆடு போகும், வாசலில் நிற்கிற இத்தனை பேரும் டால்டா டப்பாவைத்தான் வீட்டுக்குக் கொண்டுபோவார்கள்.

லம்பர்த்து எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டார்.

"மேஸ்திரி, உப்பளத்துல வெள்ளை வெளேர்னு பாத்துப் பாத்து உம்ம கண்ணு அவிஞ்சுபோச்சு. நல்ல டாக்டராப் பாரும். தண்ணியிலயாம், முங்கிச்சாம்! யாருகிட்ட வந்து சொல்லுதீரு?"

அய்யம்பெருமாள் கண்ணைக் கசக்கிக்கொண்டே உட்கார்ந்தார். மாசாணம் மீசையை எடுப்பதற்குப் பதிலாக இரண்டு முனையிலும் கொஞ்சம் எண்ணெய் தடவி முறுக்கிவிட்டான். கயித்தான் துணியை அவிழ்த்து எழுந்தார்.

அவர் வாசலைத் தாண்டும்போது லம்பர்த்து பின்னாலிருந்து கத்தினார். "கொடியேற்றத்தன்னைக்கு ஓடைக்கு வாரும் ஓய்! ஊரு முன்னால தண்ணியில எறக்கிக் காட்டுதேன்!"

கயித்தான் நின்று யோசித்தார்.

"தண்ணியிலயா? அம்புட்டுக் கீழ எறங்குமாவே அது?"

கூடி நின்றவர்கள் சிரித்த சிரிப்பில் டீக்கடைக் கிளாஸ் இரண்டு உடைந்தது. லம்பர்த்து அதற்கெல்லாம் அசரவில்லை. நடந்ததை நியாயமாகப் பார்த்தால் கணக்கு தெளிவாக இருக்கிறது. போட் ஓடியது. மீசை போயிருக்க வேண்டும், போகவில்லை. ஆகையால் அந்த மீசை இன்றைய தேதியில் லம்பர்த்து மச்சாதுக்குச் சொந்தமானது. கயித்தான் அதைத் தன் முகத்தில் வைத்துப் பராமரித்து வருகிறார், அவ்வளவுதான்.