கிளிக்கு மூச்சு முட்டிய கடிதம்

ஆற்றங்கரைக் காட்டில் ஐந்தாம் வகுப்புக்கு ஆட்காட்டிக் குருவிதான் டீச்சர். பாடம் காற்புள்ளி. "ஒரு காற்புள்ளிக்கு ஒரு மதிப்பெண்!" என்று டீச்சர் அறிவித்திருந்தார். அப்படிச் சொன்னால் பிள்ளைகள் ஆசையாகக் கற்றுக்கொள்வார்கள் என்று அவருக்கு ஒரு நினைப்பு.

ஆமைக்குட்டி சாந்தன் சொல்லுக்குச் சொல் காற்புள்ளி வைத்து மதிப்பெண்ணை அள்ளினான். அணில் துடுக்கனோ ஒன்றுகூட வைக்கமாட்டான். "நின்று நின்று எழுத எனக்கு நேரமில்லை, டீச்சர்!" என்பான்.

அந்த வாரம் டீச்சர் கரையோரக் கூழாங்கல் மேட்டில் நான்கு முட்டைகள் இட்டிருந்தார். வகுப்பு எடுப்பதும் முட்டைமேல் உட்கார்ந்தபடியேதான்.

ஒருநாள் காலை காகம் அலறிக்கொண்டு வந்தது. "டீச்சர்! அக்கரை யானைக் கூட்டம் இன்று மத்தியானம் இங்கே வருகிறது! இந்த மேட்டில்தான் ஏறுவார்களாம்!"

டீச்சரே போய்ச் சொல்ல வழியில்லை. எழுந்து பறந்தால் முட்டைகள் வெயிலில் வெந்துவிடும். கிளியிடம் கடிதம் கொடுத்து அனுப்ப வேண்டியதுதான். அந்தக் காட்டில் கிளிதான் தபால்காரர். எழுதியதை எழுதியபடியே படித்துக் காட்டும். தானாக ஒரு சொல் சேர்க்காது. காற்புள்ளியோ முற்றுப்புள்ளியோ கண்ட இடத்தில் மட்டுமே மூச்சு விடும்.

"துடுக்கா, சீக்கிரம் எழுது!" என்றார் டீச்சர். கண்மூடித் திறப்பதற்குள் எழுதிவிட்டான். கிளி பறந்தது. சற்று நேரத்தில் தள்ளாடிக்கொண்டு திரும்பியது.

"என்ன ஆயிற்று?"

"மூச்சு விட இடமே இல்லை, டீச்சர்! பாதியில் மயங்கி விழுந்துவிட்டேன். கூட்டத் தலைவி பெரியம்மா யானை என் முகத்தில் தண்ணீர் தெளித்து, 'உடம்பு சரியில்லாத பிள்ளை, வீட்டுக்குப் போ' என்று அனுப்பிவிட்டார்!"

"சாந்தா, நீ எழுது!"

சாந்தன் எழுதினான். இந்த முறை கிளி வெகுநேரம் கழித்தே வந்தது.

"சொல்லுக்குச் சொல் நின்றேன், டீச்சர். முட்டை என்ற சொல்லுக்கு வருவதற்குள் பெரியம்மா தூங்கிவிட்டார். விழித்ததும் 'கிளம்பலாம்' என்றார். கூட்டம் ஆற்றில் இறங்கிவிட்டது!"

சாந்தன் விசும்பினான். "முப்பது காற்புள்ளி வைத்தேனே, டீச்சர்!"

டீச்சருக்குச் சுருக்கென்றது. "தப்பு உன்மேல் இல்லை, கண்ணா. மதிப்பெண் ஆசை காட்டி நான்தான் உன்னைக் கெடுத்தேன்" என்றார். பிறகு சிறகை உதறிக்கொண்டார். "துடுக்கா, நீ எழுதி உரக்கப் படி. சாந்தா, நீதான் யானை! அவன் சொல்வது உனக்கு எங்கே பிடிபடாமல் ஓடுகிறதோ, அங்கே காலைத் தூக்கு!"

துடுக்கன் படித்தான். சாந்தன் கால் தூக்கிய இடத்திலெல்லாம் துடுக்கன் ஒரு காற்புள்ளி வைத்தான். கால் தூக்காத இடத்தில் வைக்கவில்லை.

நட்டாற்றில் வந்துகொண்டிருந்த பெரியம்மாவின் தலையில் கிளி போய் உட்கார்ந்து படித்தது. "பெரியம்மா, நீங்கள் ஏறப்போகும் மேட்டில், கூழாங்கற்களுக்கு நடுவே, எங்கள் டீச்சரின் முட்டைகள் இருக்கின்றன. மருதமரம், நாணல் திட்டு, வழுக்குப்பாறை மூன்றையும் தாண்டிக் கரையேறுங்கள்!"

"அடப் பாவி! இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே!" என்றார் பெரியம்மா.

"சரியாக எழுதியிருந்தால்தானே சொல்வேன்!" என்றது கிளி.

பெரியம்மா தும்பிக்கையைத் தூக்கிப் பிளிறினார். கூட்டம் முழுவதும் வழுக்குப்பாறைப் பக்கம் திரும்பியது. தரை அதிர்ந்தது. டீச்சர் கண்ணை இறுக மூடிக்கொண்டு சிறகால் முட்டைகளை அணைத்துக்கொண்டார். அதிர்வு அடங்கியதும் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். நான்கும் பத்திரம்! சந்தோஷத்தில் அவருக்கு அழுகையே வந்துவிட்டது. துடுக்கனும் சாந்தனும் மேட்டைச் சுற்றிச் சுற்றிக் குதித்தார்கள்.

கேட்பவரை மனதில் வைத்து எழுதினால், காற்புள்ளி தானாகவே சரியான இடத்தில் வந்து உட்காரும்.