தேனீக்களுக்கு மாலை போட்ட காடு

மொட்டைக்குன்றின் கிழக்குச் சரிவில் உரலி என்ற கரடி இருந்தது. மேற்குச் சரிவில் கோரையன் என்ற காட்டுப்பன்றி இருந்தது. குன்றின் உச்சியில் கொம்பேறி என்ற மந்தி உட்கார்ந்திருந்தது.

கொம்பேறிக்கு ஒரே வேலைதான். எந்தச் சரிவிலிருந்து செய்தி வந்தாலும் அதைக் கேட்டு, காடு முழுவதற்கும் உரக்கச் சொல்ல வேண்டும். கம்பி கிடையாது, கடிதம் கிடையாது. குரல் காற்றில் வரும், காற்றில் போகும்.

ஒருநாள் காலை, கிழக்கே உரலி தேன்கூட்டில் கை வைத்தது. தேனீக்கள் சீறிக் கிளம்பின. உரலி பதறிப்போய் உச்சியைப் பார்த்துக் கத்தியது. “தேனீக்கள் வருகின்றன! ஓடி ஒளியுங்கள்!”

அதே நொடியில் மேற்கே கோரையனும் கத்தியது. அதன் மகள் கிழங்கியைப் பெண் பார்க்க ஆற்றுக்கு அக்கரையிலிருந்து ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். “மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள்! மாலை போட்டு வரவேற்பு கொடுங்கள்!”

நடுவில் குன்று இருந்ததால் ஒன்றின் குரல் மற்றொன்றுக்குக் கேட்கவில்லை. கொம்பேறியின் காதிலோ இரண்டும் ஒன்றாக வந்து மோதின. அது தலையைச் சொறிந்தது. காதில் விழுந்ததைக் கோத்து அப்படியே முழங்கியது.

“தேனீக்கள் வருகின்றன! மாலை போட்டு வரவேற்பு கொடுங்கள்! மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள்! ஓடி ஒளியுங்கள்!”

காடு பரபரத்தது. மான்கள் வரிசையாக நின்று தேனீக்கள்மேல் பன்னீர் தெளித்தன. யானை மாலையோடு முன்னால் போனது. ஒரு முயல், “வாங்க, வாங்க! பயணமெல்லாம் சௌகரியமா?” என்று கேட்டுக்கொண்டே ராணித் தேனீக்குச் சந்தனம் பூசப் போனது. அடுத்த நொடி அதன் மூக்கு பூசணிக்காய் ஆனது.

மேற்கே மாப்பிள்ளை சேற்றரசன் கரையேறியபோது, எதிரில் வந்த நரிகள் அலறிக்கொண்டு புதருக்குள் பாய்ந்தன.

“நம்மைப் பார்த்தா ஓடுகிறார்கள்?” என்று மாப்பிள்ளையின் அம்மா உறுமினாள். “அடுத்த பௌர்ணமிக்கு மறுநாள் காலை இன்னொரு முறை வருவோம். வரவேற்பு சரியாக இருந்தால் அன்றே கல்யாணம். அன்றும் இப்படி நடந்தால் சம்பந்தம் முறிந்தது!”

கிழங்கி இரண்டு நாள் சேற்றில் புரளவே இல்லை. மகளைப் பார்க்கச் சகிக்காமல் கோரையன் குன்றின் உச்சிக்கு ஏறியது. வீங்கிய முகத்தோடு உரலியும் வந்து சேர்ந்தது.

“நான் பேசும்போது நீ ஏன் பேசினாய்?” என்று கோரையன் சீறியது.

“நீங்கள் பேசுவது எனக்கு எப்படிக் கேட்கும், கோரையண்ணே? நடுவில் மலையல்லவா நிற்கிறது!”

“அப்படியானால் நான் இன்னும் உரக்கக் கத்துகிறேன்!”

“நானும்தான் கத்துவேன்!”

“ஐயோ, என் காது!” என்றது கொம்பேறி. “இனிமேல் முதலில் ‘பேசலாமா?’ என்று மட்டும் கேளுங்கள். நான் ஒருவரைப் பேசச் சொன்னால் மற்றவர் வாயை மூட வேண்டும். பதிலே வராவிட்டால், இரண்டு பேரும் ஒன்றாகக் கேட்டுவிட்டீர்கள் என்று அர்த்தம். பத்து எண்ணிவிட்டு மறுபடி கேளுங்கள்.”

அவரவர் சரிவுக்கு இறங்கிச் சோதித்துப் பார்த்தார்கள். இருவரும் ஒன்றாகக் கேட்டார்கள். பதில் வரவில்லை. இருவரும் பத்து எண்ணினார்கள். மறுபடியும் ஒன்றாகவே கேட்டார்கள்! மாலைவரை இதே கூத்துதான்.

கொம்பேறி யோசித்தது. இருவரையும் உச்சிக்கு அழைத்து, தான் சேர்த்து வைத்திருந்த புளியங்கொட்டைகளை ஆளுக்கு ஒரு குவியலாகக் கொடுத்தது. “மோதல் வந்தால் ஒரு பிடி அள்ளுங்கள். எத்தனை வருகிறதோ அத்தனை எண்ணிவிட்டுக் கேளுங்கள். அப்போதும் மோதினால் இரண்டு பிடி!”

“எனக்குக் கை இல்லையே!” என்றது கோரையன்.

“வாயால் அள்ளு.”

கோரையன் அள்ளியது. பிறகு தலைகுனிந்து சொன்னது: “தின்றுவிட்டேன்.”

பௌர்ணமிக்கு மறுநாள் விடிந்தது. அக்கரையில் மாப்பிள்ளை வீட்டார் வந்து நின்றதைக் கோரையன் பார்த்தது. கிழக்கேயோ, தூரத்து மலையிலிருந்து ஆற்றில் வெள்ளம் மரங்களைப் புரட்டிக்கொண்டு இறங்குவதை உரலி பார்த்தது. அந்த ஆறுதான் குன்றைச் சுற்றிக்கொண்டு மேற்கே போகிறது!

“பேசலாமா?” என்றது உரலி.

“பேசலாமா?” என்றது கோரையன்.

கொம்பேறியின் காதில் ‘பேபேசசலாமாமா’ என்றுதான் விழுந்தது. அது பதில் சொல்லவில்லை.

வெள்ளம் வருகிறதென்று கத்திவிட வேண்டும்போல உரலிக்கு இருந்தது. ஆனால் முயலின் மூக்கு நினைவுக்கு வந்தது. அவசரமாக ஒரு பிடி அள்ளியது. மூன்று கொட்டைகள்தான் வந்தன. கோரையனின் வாயில் பதினேழு. அதுவோ ஏழுக்குப் பிறகு என்னவென்று மறந்து, ஒன்றிலிருந்து மறுபடி ஆரம்பித்தது.

“ஒன்று, இரண்டு, மூன்று! பேசலாமா?”

“உரலி பேசலாம்! மற்றவர்கள் வாயை மூடுங்கள்!” என்று கொம்பேறி இரண்டு பக்கமும் கேட்கச் சொன்னது.

“ஐயோ, என் மகள் கல்யாணம்!” என்று கோரையன் முனகியது. இருந்தாலும் வாயை மூடிக்கொண்டது.

“வெள்ளம் வருகிறது! யாரும் ஆற்றில் இறங்காதீர்கள்!”

கொம்பேறி ஒரு சொல் பிசகாமல் முழங்கியது. தண்ணீரில் ஒரு காலை வைத்திருந்த சேற்றரசன் வெடுக்கென்று பின்னால் குதித்தான். மறுநொடி, அவன் நின்ற இடத்தில் ஒரு முழுத் தேக்கு மரம் உருண்டு போனது.

“கோரையன் பேசலாம்!”

கோரையன் உச்சியைப் பார்த்துக் கத்தியது. “மாப்பிள்ளை, பத்திரம்! அங்கேயே நில்லுங்கள்! கல்யாணத்தை இரண்டு கரையிலுமாக நடத்திவிடுவோம்!”

அப்படியே நடந்தது. இக்கரையில் கிழங்கி வெட்கப்பட்டாள். அக்கரையில் மேளம் கொட்டியது. இடையில் மாப்பிள்ளை ஏதோ கத்தினான்.

“முதலில் கேளுங்கள், மாப்பிள்ளை!” என்று கொம்பேறி அதட்டியது.

சேற்றரசன் அசடு வழிய, “பேசலாமா?” என்றான். காடே மூச்சைப் பிடித்துக்கொண்டு அமைதியானது.

“பேசலாம்!”

“பசிக்கிறது!” என்றான் சேற்றரசன்.

ஒரே காற்றில் எல்லோரும் ஒன்றாகக் கத்தினால் யார் சொன்னதும் போய்ச் சேராது. கேட்டு, காத்திருந்து, முறைவைத்துப் பேசினால் எல்லோர் சொல்லும் பழுதின்றிப் போய்ச் சேரும்.